முப்பத்தெட்டுத் தோட்டாக்கள்

சிமனிமனி,
9 ஜூன் 1996

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

ஈஸ்டர் ஞாயிறன்று ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் ஒன்று கேட்டாய். "அண்ணா, காயம்பட்ட காட்டெருமைக்கு முன்னாடி நான் நிக்கணும்னா எனக்கு எந்தத் துப்பாக்கி சரியா இருக்கும்?" நான் பதில் சொல்லாமல் பிஸ்கட் தட்டை உன் பக்கம் நீட்டினேன். நீயும் ஒன்றை எடுத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினாய். இரண்டு மாதமாக அந்தக் கேள்வி என் பின்னாலேயே நடந்து வருகிறது. முப்பத்தொரு வருடம் பௌதிகம் நடத்தியவனுக்கு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் சோறு இறங்காது.

வேட்டை வழிகாட்டித் தேர்வில் நீ தேறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நாற்பத்தேழு வயதில், இருபத்தைந்து வயதுப் பையன்களோடு காட்டில் ஏழு நாள் கிடந்து தேறியிருக்கிறாய். யூரி போன பிறகு, என் தம்பியின் தொழிலை அவன் மனைவி விற்றுவிடுவாள் என்றுதான் ஊரே நினைத்தது, நானும் நினைத்தேன். தப்பு எங்கள் பக்கம்.

இனி உன் கேள்வி. வேட்டைக்கு வருகிற விருந்தாளி எண்பது அடி தூரத்தில், அசையாமல் நிற்கும் எருமையைச் சுடுகிறான். நீ சுடப்போவது அவன் காயப்படுத்தியதை. பத்து அடியில் வரும், ஓடி வரும், உன்னைப் பார்த்து வரும். அதனால் அவன் துப்பாக்கியும் உன் துப்பாக்கியும் ஒன்றாக இருக்க முடியாது.

முதலில் கட்டை. பிறர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓட முடியுமா? தோளில் பதியும் கட்டை உன் கை நீளத்துக்கும் கழுத்து உயரத்துக்கும் செதுக்கியதாக இருக்க வேண்டும். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தி, பிறகு கண்ணைத் திற. குறி நேராக நின்றால் அது உன்னுடையது. ஹராரேயில் துப்பாக்கி செய்யும் ஹலாமா கிழவரிடம் போ. அளவெடுப்பதில் அவருக்குத் தையற்காரனின் கண்.

அடுத்து தோட்டா. 375 அளவுத் தோட்டா கதவு இடிப்பதுபோல உதைக்கும், தாங்கிவிடலாம். சட்டமும் ஏற்றுக்கொள்கிறது. 416 சற்று முரடு, ஆனால் எலும்பைத் துளைத்துக்கொண்டு போகும். இரண்டில் எதுவானாலும் முதல் தோட்டா முனை மென்மையானது, அடுத்தவை எல்லாம் கெட்டிக் குண்டு. சதைக்குள் கட்டைவிரலால் குத்துவதும் ஆணியால் குத்துவதும் ஒன்றல்ல. ஓடி வருகிறவனுக்கு ஆணிதான்.

எடையைக் குறைக்கச் சொல்லாதே. சுடுவது ஒரு நொடி, சுமப்பது பத்து மணி நேரம் என்று இளைஞர்கள் இலேசான துப்பாக்கி கேட்பார்கள். அந்த ஒரு நொடியில் கனம்தான் உன் தோளைக் காப்பாற்றும்.

இன்னும் எழுதலாம். தபால் வண்டி நிற்கிறது.

அன்புடன்,
கிதியோன்


கரோய்,
20 ஜூன் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் கூப்பிட்டு நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் பண்ணைப் பக்கம் ஆறு வீட்டுக்கு ஒரே தொலைபேசிக் கம்பி. நான் எடுத்தால் ஐந்து வீட்டில் மூச்சுச் சத்தம் கேட்கிறது. போன வாரம் நான் "ஹலோ" சொல்வதற்குள் பக்கத்துப் பண்ணைக்காரி ஆனா, "ஹெஸ்டர், உன் குரல் அடைச்சிருக்கு, எலுமிச்சை குடி" என்றாள்.

375 பற்றி எழுதியிருக்கிறீர்கள், 416 பற்றி எழுதியிருக்கிறீர்கள். யூரியின் 458 துப்பாக்கி பற்றி ஒரு வரிகூட இல்லையே, அண்ணா? மறந்துவிட்டீர்களா?

என் திட்டம் இதுதான். யூரியைக் கொன்ற எருமை உடைத்தது கட்டையை மட்டும். குழல் அப்படியே இருக்கிறது, சுட்ட கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட்டும் இருக்கிறது. நீங்களே பார்த்து, துப்பாக்கியில் பழுது இல்லை என்று எழுதிக் கொடுத்தது. அதற்கு ஹலாமா என் அளவில் புதுக் கட்டை போட்டால் போதும். புதிய துப்பாக்கி எதற்கு? அதோடு இரும்புப் பெட்டியில் நீங்கள் யூரிக்காக வெடிமருந்து அடைத்துக் கட்டிக் கொடுத்த தோட்டாக்கள் முப்பத்தெட்டு மீதி இருக்கின்றன. பெட்டியின் மேல் உங்கள் கையெழுத்து, அழகான பள்ளிக்கூட எழுத்து. கடையில் பெரிய தோட்டா வருவதே இல்லை; வந்தாலும் ஆளுக்கு ஐந்து. உங்கள் கையால் கட்டிய முப்பத்தெட்டு இருக்கும்போது நான் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்?

இன்னொரு காரணமும் உண்டு. உங்களிடம்தான் சொல்ல முடியும். கிளப்பில் ஒரு பழைய குளிர்பெட்டி இருக்கிறது, கதவு அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சிக்கினால் பையன்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "யூரி வைத்தியம் பண்ணுடா." உடனே ஒருவன் உள்ளங்கையால் அதைத் தட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள். நான் நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு நிற்கும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் வழிகாட்டியாக இருந்தவர் கடைசி நொடியில் பதறி, போல்ட்டைத் தூக்க மறந்து துப்பாக்கியைத் தட்டிக்கொண்டு நின்றார் என்று வழிகாட்டிகள் சங்கத்தின் விசாரணையும் எழுதிவிட்டது. அதே துப்பாக்கி, அதே தோட்டா. அதைக் கொண்டு நான் பதறாமல் நின்று காட்ட வேண்டும். வீம்பு என்பீர்கள். வீம்புதான்.

முதல் வேட்டை அக்டோபர் மூன்று, ஜாம்பசிப் பள்ளத்தாக்கில். டென்மார்க்கிலிருந்து ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் ஒருவரும் அவர் மனைவியும் வருகிறார்கள்.

அன்புத் தங்கை,
ஹெஸ்டர்


சிமனிமனி,
28 ஜூன் 1996

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

458 வேண்டாம்.

அது உன் உடம்புக்கு அதிகம். கன்றுக்குட்டி நெஞ்சில் முட்டுவதுபோல உதைக்கும். உதைக்குப் பயந்தவன் விசையை இழுப்பதற்கு முன்பே கண்ணைச் சிமிட்டுவான், குழல் இறங்கிவிடும். வகுப்பில் பிரம்படிக்குக் கை நீட்டுகிற பையன் அடி விழுமுன்பே கையை இழுப்பதைப் பார்த்திருக்கிறாயா? அதேதான்.

குழலும் பழையது. யூரி அதில் எத்தனை சுட்டிருப்பான் என்று கணக்கில்லை. எருமை மிதித்த துப்பாக்கியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். ஹலாமாவுக்கு வயதாகிவிட்டது, பழைய இரும்புக்குப் புதுக் கட்டை பொருத்துவது புதிதாகச் செய்வதைவிடக் கடினம். கட்டி மூன்று வருடம் கழிந்த தோட்டாவை நம்பக் கூடாது என்றும் சிலர் சொல்கிறார்கள். தவிர, இறந்தவரின் துப்பாக்கியோடு காட்டுக்குப் போவது மனதுக்கு நல்லதா? உன் கை நடுங்காதா?

375 வாங்கு. நான் மேல்செலவைப் பார்த்துக்கொள்கிறேன். தோட்டாவும் நான் எங்கிருந்தாவது வரவழைத்துத் தருகிறேன்.

இங்கே மலையில் உறைபனி. காலையில் வாளித் தண்ணீர் மேல் கண்ணாடிபோல ஏடு. இந்தக் குளிரில் கை ஓடுவதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
கிதியோன்


கரோய்,
15 ஜூலை 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

எண்ணிப் பார்த்தேன். ஏழு காரணம்! ஈஸ்டருக்கு ஒரு பதிலும் இல்லை, ஜூனுக்கு ஏழு. ஒரு நல்ல காரணம் கையில் இருக்கிறவர் ஒன்றைத்தான் சொல்வார் என்று யூரி அடிக்கடி சொல்வார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளைதான் ஆடு தின்றது, மழை நனைத்தது, பாட்டி செத்தாள் என்று அடுக்கும். இது உங்கள் வாயால் கேட்டதுதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஹராரே போய்விட்டேன். ஹலாமா என்னைச் சுவரோரம் நிறுத்தி, நாடாவால் கழுத்து, கை, கன்னம் எல்லாம் அளந்தார். நடுவில் ஒன்று சொன்னார். "அம்மா, உங்க தோள்ல சதை கம்மி. உங்க வீட்டுக்காரரு மாதிரி பீர் குடிச்சு வளர்த்திருக்கணும்."

"அவரு வளர்த்தது வயித்துல, ஹலாமா. தோள்ல இல்ல."

கிழவர் சிரித்துச் சிரித்து நாடாவைக் கீழே போட்டுவிட்டார். விரிசல் இருக்கிறதா என்று கேட்டேன். குழலை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், எண்ணெய் தடவிச் சோதித்தார். "விரிசலா? இது என்னையும் உங்களையும் புதைச்சுட்டுத்தான் ஓயும்" என்றார். கட்டைக்கு வால்நட் மரம், ஒன்றேகால் அங்குலம் குறைத்து. தோள் பதியும் இடத்தில் தடிப்பான ரப்பர். கட்டைக்குள் ஈயம் வைத்துக் கனமாக்கச் சொன்னேன். உங்கள் பேச்சில் பாதியையாவது கேட்கிறேன் பாருங்கள்.

செஞ்செராய் என்னோடு வந்திருந்தார். யூரிக்குத் தடம் பார்த்தவர், அவர் இறந்த அன்றும் பின்னால் நின்றவர். கடையில் அந்தப் பழைய போல்ட்டைக் கண்டதும் வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். திரும்பும் வழியில் கேட்டேன், "என்ன, பேச்சையே காணோம்?"

"பேசி என்னம்மா ஆகப்போவுது? விசாரணை அப்பவே பேசினேன். குடிச்சிருந்தியான்னு கேட்டாங்க."

ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஆகஸ்டில் துப்பாக்கி தயார்.

அன்புடன்,
ஹெஸ்டர்


சிமனிமனி,
26 ஜூலை 1996

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

துப்பாக்கி உன் இஷ்டம். அதைப் பற்றி இனி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த முப்பத்தெட்டை மட்டும் எனக்கு அனுப்பிவிடு. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துத் திருப்பிக் கட்டித் தருகிறேன். பழைய மருந்து, அதுதான் காரணம். இந்த முறை ஒன்றே ஒன்று, பார்த்தாயா?

முத்தாரே நகரில் மகளைப் பார்க்க வரும் உன் பக்கத்துப் பண்ணை ஆனாவிடம் கொடுத்தால் நானே பஸ் பிடித்துப் போய் வாங்கிக்கொள்வேன். சீக்கிரம்.

கிதியோன்


கரோய்,
18 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனுப்பத் தேவையே இல்லை! கேளுங்கள்.

நேற்றுக் காலை ஏழு மணிக்குப் பண்ணைக் குன்றடியில் இலக்கு வைத்துச் சுட்டேன். உங்கள் தோட்டா ஐந்து. கம்பளிச் சட்டைமேல் கோட்டும் போட்டுக்கொள்ளும் அளவுக்குக் குளிர். நாற்பது அடியில் ஐந்தும் ஒரு தேநீர்த் தட்டுக்குள் விழுந்தன. ஒவ்வொரு முறையும் போல்ட் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல எழுந்தது. தோள் நீலம் பாரித்திருக்கிறது, ஆனால் கண் சிமிட்டவில்லை. நீங்கள் கட்டியது அப்படி. இருபது வருடம் போட்டுவைத்தாலும் உங்கள் தோட்டா கெடாது போலிருக்கிறது. மீதி முப்பத்து மூன்றும் அக்டோபருக்கு.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருக்க வேண்டியது. வரவில்லை. நான் சுட்டதைச் செஞ்செராய் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவது முடிந்ததும், "இது எப்படிம்மா இவ்வளவு சுலபமா எழும்புது?" என்று கேட்டார்.

"ஏன், எழும்பக் கூடாதா?"

"அன்னிக்கு எழும்பலயே."

நிற்கவைத்துக் கேட்டேன். பொறுமையாக, முதலிலிருந்து சொன்னார். மத்தியானம் மூன்று மணி. வாய்க்குள் நாக்கு ஒட்டிக்கொள்கிற வெயில். வேட்டைக்கு வந்திருந்த சுவீடன்காரர் காயப்படுத்திய எருமையைத் தேடி முள்புதருக்குள் போனார்கள். அது வந்தது. யூரி ஒன்று சுட்டார், நெஞ்சில் பட்டது, அது நிற்கவில்லை. "பாஸ் போல்ட்டப் புடிச்சு மேல இழுத்தாரும்மா. வரல. உள்ளங்கையால அடிச்சாரு. ரெண்டு தரம். அப்புறம் துப்பாக்கியத் தரையில ஊனி பூட்ஸால மிதிச்சாரு. மறந்துபோன ஆளு அப்படியா பண்ணுவாரு? தெரிஞ்ச ஆளுதான் அப்படிப் பண்ணுவாரு."

நான் தேர்வுக்குப் படித்தபோது, பதறுகிறவன் போல்ட்டைச் சரியாகத் திருப்பாமல் இழுப்பான், அது வராது, அவன் அடிப்பான் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. அண்ணா, உண்மையைச் சொன்னால், மூன்று வருடமாக நான் யூரிமேல் கோபமாக இருக்கிறேன். எருமைமேல்கூட இல்லை, அவர்மேல். அத்தனை வருடம் அத்தனை பேரைக் காப்பாற்றியவர், எனக்காக ஒரு போல்ட்டைத் தூக்க முடியவில்லையே என்று.

அந்தத் துப்பாக்கியை அன்று சோதித்தவர் நீங்கள் ஒருவர்தான். போல்ட் எப்படி இருந்தது?

ஹெஸ்டர்


தந்தி
27 ஆகஸ்ட் 1996

ஹெஸ்டர் ஒடெண்டால், கரோய்
தோட்டா ஒன்றுகூடத் தொடாதே. கடிதம் வருகிறது. கிதியோன்


சிமனிமனி,
27 ஆகஸ்ட் 1996

ஹெஸ்டருக்கு,

யூரி பதறவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை எழுதி முடிக்கத் தைரியம் வராவிட்டாலும் இது உன் கைக்கு வந்து சேரட்டும்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஜூனில் யூரி இங்கே வந்தான். வழக்கமான மருந்து எங்கும் கிடைக்கவில்லை. புது மருந்து ஒரு டப்பா கொண்டுவந்தான். "அண்ணா, எருமை விழுறதுக்கு யோசிக்கவே கூடாது. கொஞ்சம் தாராளமாப் போடு" என்றான். நான் அளவை மெல்ல மெல்ல ஏற்றினேன். ஒவ்வொரு படியிலும் பின்தோட்டத்தில் சுட்டுப் பார்த்தோம். போல்ட் சுலபமாக எழுந்தது. போன கடிதத்தில் நீ எழுதினாயே, வெண்ணெயில் கத்தி என்று, அப்படி. இதுதான் உச்சம், இதற்குமேல் ஒரு சிட்டிகையும் கூடாது என்ற இடத்தில் நிறுத்தினேன். அறுபது கட்டினேன். பெருமையாக இருந்தது.

அன்று காலை வாளியில் பனி ஏடு இருந்தது, ஹெஸ்டர். அந்தக் குளிரில்தான் அது உச்சம்.

சைக்கிள் டியூபில் விடிகாலையில் காற்றை முட்ட அடித்து மத்தியான வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்பில் வருடாவருடம் கேட்பேன். கடைசி பெஞ்சுப் பையன்கூடச் சொல்வான். தோட்டா மருந்தும் சூடேறினால் சீறி எரியும். உள்ளே அழுத்தம் ஏறும். பித்தளைக் கூடு பருத்துக் குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு போல்ட்டை யார் இழுத்தாலும் வராது. முப்பத்தொரு முறை இந்தப் பாடத்தை நடத்தியவன், என் தம்பிக்குக் கட்டும்போது ஜாம்பசிப் பள்ளத்தாக்கின் அக்டோபரை நினைக்கவில்லை.

இங்கே பத்து சுட்டோம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அவன் பதினொன்று சுட்டான், ஒன்றும் சிக்கவில்லை. அக்டோபரில் சுட்டது அந்த ஒன்றுதான்.

இதுவரை சொன்னது தவறு. இனிச் சொல்வது வேறு.

அடக்கத்துக்கு முந்தின நாள் போலீஸ்காரர் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். அதைத் தொடவே எல்லோருக்கும் பயம். "வாத்தியாரே, உங்களுக்குத்தான் இதுல விவரம் தெரியும். பாத்து ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றார். அவர் முற்றத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்க, நான் பட்டறைக்குள் போனேன். போல்ட் அசையவில்லை. எண்ணெய் விட்டேன். குழல் வாய் வழியாகப் பித்தளைக் கம்பியை நுழைத்து மரச்சுத்தியலால் அடித்தேன். மூன்றாவது அடியில் கூடு கழன்றது. அதன் அடிப்பக்கம் அழுத்தத்தில் தட்டையாகிக் கிடந்ததைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அதைப் பழைய கூடுகள் போடும் வாளியில் போட்டேன். துப்பாக்கியைத் துடைத்தேன். முற்றத்துக்கு வந்து, "துப்பாக்கியில் எந்தப் பழுதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதனால்தான் என்னால் எழுத முடிந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் விசாரணை, பழுது இல்லையென்றால் ஆள் பதறியிருக்கிறான் என்று முடிவுகட்டியது. பிறகு சொல்லலாம், உனக்கு மனம் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டேன். கிளப்பில் நடப்பது உன் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது என்று எழுத ஆசை. தெரியும். வருகிறவர்கள் சொன்னார்கள்.

ஏழு காரணம் எழுதினேன், இந்த ஒன்றை எழுத முடியாமல்.

கிதியோன்


சிமனிமனி,
16 செப்டம்பர் 1996

ஹெஸ்டருக்கு,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. தபால் நிலையத்துக்கு மட்டும் தினமும் போகிறேன்; அங்கே இருக்கும் பெண் என்னைக் கண்டதும் இல்லை என்று தலையாட்டிவிடுகிறாள்.

தந்தி கிடைத்ததா என்று மட்டும் ஒரு வார்த்தை. அக்டோபர் மூன்றுக்குப் பதினேழு நாள்தான் இருக்கிறது.

கிதியோன்


கரோய்,
22 செப்டம்பர் 1996

கிதியோன் அவர்களுக்கு,

அண்ணா என்று எழுதக் கை வரவில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டு இப்படித் தொடங்குகிறேன்.

தந்தி கிடைத்தது. கடிதமும் கிடைத்தது. உங்கள் சொல்லை நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை, ஒருமுறை நம்பியிருக்கிறேன். அதனால் பெட்டியை எடுத்துக்கொண்டு செஞ்செராயோடு பள்ளத்தாக்கு முகாமுக்குப் போனேன். தோட்டாக்களை இடுப்பு வாரில் செருகி, மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் நடந்தேன். துப்பாக்கியைப் பழைய லாரி டயரில் கட்டி, மண்மேட்டுக்குப் பின்னால் இருந்து கயிற்றால் விசையை இழுத்தோம்.

போய்ப் போல்ட்டைப் பிடித்தேன். வரவில்லை. இரண்டு கையால் இழுத்தேன், வரவில்லை. என்னை அறியாமல் உள்ளங்கையால் அடித்தேன். செஞ்செராய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதே சத்தம்தான்மா."

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார். "மூணு வருஷமா என்னைப் பொய்யன்னாங்க. இன்னிக்கு இரும்பே வந்து சாட்சி சொல்லிடுச்சு." பிறகு, "அந்த வாத்தியாரு நல்லாருக்காராம்மா? தனியாத்தான இருக்காரு?" என்று கேட்டார். உங்களை விசாரிக்க அவருக்கு மனம் வந்தது. எனக்கு வரவில்லை.

முதல் வருடத்துக்குப் பிறகு நான் யூரியின் கல்லறைக்குப் போகவில்லை. உங்களுக்குத் தெரியாது. தினமும் காபி ஊற்றும்போது எதிர் நாற்காலியைப் பார்த்துத் திட்டுவேன். "ஒரு போல்ட்டைத் தூக்கத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்கு வேட்டை" என்று. அவர் அந்தக் கடைசி நொடியில் அத்தனையும் செய்து பார்த்திருக்கிறார். கையால், காலால். அதை நீங்கள் அந்தப் பட்டறையில் மூன்றே அடியில் தெரிந்துகொண்டீர்கள். நான் மூன்று வருடம் ஒரு நிரபராதியைத் திட்டியிருக்கிறேன்.

தோட்டாவின் அளவு மீறியது தவறு. அதை யூரி மன்னித்திருப்பார்; அவரும்தானே தாராளமாகப் போடச் சொன்னார். கம்பளியில் சுற்றி வந்ததைத் துடைத்துக் கொடுத்தது வெறும் தவறு இல்லை. அதற்கு வேறு பெயர்.

மீதியை ஹலாமா பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டார். எல்லைக்கு அப்பால் இருந்து தொழிற்சாலைத் தோட்டா இருபது வரவழைத்துக் கொடுத்தார். அவற்றில் இரண்டை அதே வெயிலில், அதே டயரில் கட்டிச் சுட்டேன். சுலபமாக எழுந்தது. துப்பாக்கியை மாற்றவில்லை, அது என் தோளில் பொருந்துகிறது, அதன்மேல் குற்றமும் இல்லை. அக்டோபர் மூன்றுக்குப் போகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மன்னிப்பு என்ற சொல்லை எனக்கு எழுத வேண்டாம். சங்கத்தின் இதழ் அக்டோபர் நடுவில் எல்லா உறுப்பினருக்கும் போகும். கிளப்பில் அதைக் குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுவார்கள். அதில் எழுதுங்கள். "ஒருவர்", "யாரோ" என்று எழுதாதீர்கள். உங்கள் பெயர், அவர் பெயர்.

அதற்குப் பிறகு நமக்குள் என்ன மீதி இருக்கிறது என்று பார்க்கலாம். இருக்குமா என்று இப்போது எனக்குத் தெரியாது.

ஹெஸ்டர் ஒடெண்டால்


சிமனிமனி,
30 செப்டம்பர் 1996

ஹெஸ்டருக்கு,

இதன் மூலத்தை இன்று காலை சங்கச் செயலாளருக்கு அனுப்பிவிட்டேன். உன்னிடம் முதலில் காட்டித் திருத்தம் கேட்டிருந்தால் என் பாரத்தில் பாதியை உன் தலையில் ஏற்றியதாக இருக்கும். விசாரணையைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் போலீசுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். இது உனக்கான நகல்.

கிதியோன்

சங்க உறுப்பினர்களுக்கு,

1993 அக்டோபரில் ஜாம்பசிப் பள்ளத்தாக்கில் இறந்த வழிகாட்டி யூரி ஒடெண்டால் பதறவில்லை. அவர் போல்ட்டைத் தூக்க மறக்கவில்லை. அவர் துப்பாக்கியில் பித்தளைக் கூடு சிக்கிக்கொண்டது. அந்தத் தோட்டாவைக் கட்டியவன் நான், அவருடைய அண்ணன், கிதியோன் ஒடெண்டால். மலைக் குளிரில் சோதித்த உச்ச அளவைப் பள்ளத்தாக்கின் வெயிலுக்குக் கொடுத்தேன். சிக்கிய கூட்டை நானே அடித்து வெளியே எடுத்தேன், எடுத்ததை மறைத்தேன். துப்பாக்கியில் பழுது இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் விசாரணை தவறான முடிவுக்கு வந்தது என்னால்.

தடம் பார்ப்பவர் செஞ்செராய் அன்று சொன்னது முழுதும் உண்மை. அவரிடம் குடித்திருந்தாயா என்று கேட்டவர்கள் அவர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். நானும் போகிறேன்.

இனி நான் யாருக்கும் தோட்டா கட்டித் தருவதில்லை. ஆனால் உங்களில் பாதிப் பேர் சொந்தமாகக் கட்டுகிறவர்கள், பெரும்பாலும் வேட்டை இல்லாத குளிர் மாதங்களில். நானும் அப்படித்தான் கட்டினேன். எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு என்று மணிக்கணக்காக விவாதிக்கிறோம். எந்த வெயில் என்று கேட்பதில்லை.

ஆகையால் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். நீங்கள் வேட்டைக்குப் போகும் இடத்தில், உங்கள் தோட்டாக்களை இடுப்பு வாரில் செருகிக்கொண்டு நண்பகலில் ஒரு மணி நேரம் நடங்கள். துப்பாக்கியை டயரில் கட்டி, தள்ளி நின்று கயிற்றால் ஒன்றைச் சுடுங்கள். பிறகு போல்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பாருங்கள்.